அசையாத ஆளுக்கு ஒரு கேமரா

முருகவேல் செத்துப்போனதில் ஆதிமூலத்துக்கு வருத்தம்தான், இல்லையென்று யாரும் சொல்ல முடியாது. ஆனால் தெருமுனையில் கட்டியிருந்த பேனரைப் பார்த்தபோது வந்த வருத்தம் அதைவிட ஜாஸ்தி.

இருபது வருஷத்துக்கு மேல் ரெண்டு பேரும் ஒரே வண்டி. முருகவேல் டிரைவர், ஆதிமூலம் கண்டக்டர். திருவண்ணாமலையிலிருந்து வேலூர், வேலூரிலிருந்து திருவண்ணாமலை. பெண்டாட்டி முகத்தைப் பார்த்ததைவிட முருகவேலின் பிடரியைத்தான் ஆதிமூலம் அதிகம் பார்த்திருப்பார். அப்படிப்பட்ட சிநேகிதனுக்குப் பத்தடியில் கண்ணீர் அஞ்சலி பேனர். கட்டியது தப்பில்லை. வீட்டில் நல்ல போட்டோ இல்லையென்று டிரைவிங் லைசென்சில் இருந்த தபால்தலை அளவு படத்தை எடுத்து, பத்தடிக்கு இழுத்துவிட்டார்கள், படுபாவிகள். முகமெல்லாம் கட்டம் கட்டமாக, மீசை எங்கே முடிகிறது, மூக்கு எங்கே ஆரம்பிக்கிறது என்று பிரம்மாவுக்கே தெரியாது. சைக்கிளில் போன ஒருத்தன் காலை ஊன்றி நின்று, "தவறுனது ஆம்பளையா, பொம்பளையாங்க?" என்று ஆதிமூலத்திடமே கேட்டான்.

உள்ளே கூடத்தில் இன்னும் கேவலம். மாலை போட்டு மாட்டியிருந்த படம், யார் வீட்டுக் கிரகப்பிரவேசத்திலோ எடுத்த குரூப் போட்டோவிலிருந்து வெட்டியது. முருகவேல் நன்றாகத்தான் சிரித்துக்கொண்டிருந்தான். ஆனால் அவன் தோள்மேல் ஒரு கை இருந்தது. கை நிறையப் பச்சைக் கண்ணாடி வளையல். கைக்குச் சொந்தக்காரியை வெட்டித் தள்ளிவிட்டு, கையை மட்டும் விட்டுவைத்திருந்தார்கள். வந்த சனமெல்லாம் செத்தவனை மறந்துவிட்டு, அது யார் கை என்று ஆராய்ச்சியில் இறங்கிவிட்டது. "நான் பச்ச வளையலு போட்டதே இல்லியே" என்று முருகவேலின் சம்சாரம் ஒப்பாரிக்கு நடுவில் ஒரு வார்த்தையை விட, பந்தலில் கப்சிப். அப்பால விசாரித்ததில் அது அவன் கூடப்பிறந்த அக்காவின் கைதான் என்று தெரிந்தது. தெரிந்து என்ன பிரயோஜனம்? அதற்குள் பாதிப் பேர் வேறு கதையோடு பஸ் ஏறிப் போய்விட்டார்கள்.

வேங்கிக்காலில் இருக்கும் தன் வீட்டுக்கு வண்டியில் திரும்பும்போதே ஆதிமூலம் முடிவு பண்ணிவிட்டார். இந்தக் கதி நமக்கு வரக் கூடாது.

வந்ததும் வராததுமாக பீரோவைக் குடைந்தார். அவருடைய போட்டோ என்று மொத்தமே மூன்று தேறியது. ஒன்று கல்யாணப் படம். அதில் இருக்கிற ஒல்லிப் பையனை இப்போது யாரும் ஆதிமூலம் என்று ஒத்துக்கொள்ள மாட்டார்கள். இன்னொன்று ரிட்டயர்மெண்ட் அன்று டிப்போவில் எடுத்தது. ஆளாளுக்குப் போட்ட மாலையில் மூக்குவரை மூழ்கி, ரெண்டு கண்ணு மட்டும் வெளியே. மூன்றாவது ஆதார் கார்டு. அதைப் பற்றிப் பேசாமல் இருப்பதே மரியாதை. தனக்கு ஒன்று ஆகிவிட்டால் பெங்களூரில் இருக்கும் மகன் அன்பரசன் என்ன செய்வான்? அந்த ஆதார் கார்டைத்தான் பேனர்காரனிடம் எடுத்து நீட்டுவான். சந்தேகமே வேண்டாம்.

அன்று சாயங்காலமே ஆதிமூலம் கூடத்துச் சுவரில், அப்பா அம்மா படத்துக்குப் பக்கத்தில் ஒரு ஆணி அடித்தார். சத்தம் கேட்டு அவர் சம்சாரம் ஜோதியம்மாள் சமையலறையிலிருந்து கரண்டியோடு வந்தாள்.

"எதுக்குங்க ஆணி?"

"காலண்டர் மாட்டலாம்னு."

"காலண்டர்தான் அங்க இருக்குதே."

"இன்னொண்ணு மாட்டக் கூடாதா?"

ஜோதியம்மாள் ஆணியைப் பார்த்தாள். பக்கத்தில் மாலையோடு இருந்த மாமனார் மாமியாரைப் பார்த்தாள். புருஷனைப் பார்த்தாள். கரண்டியோடு உள்ளே போய்விட்டாள். அன்றைக்கு ரசத்தில் உப்பே இல்லை. ஆதிமூலம் அதையும் கவனிக்கவில்லை. அவர் மனசு பூராவும் போட்டோவில் இருந்தது.

மகனுக்குப் போன் போட்டார். "ஒரு டிஜிட்டல் கேமரா வாங்கலாம்னு இருக்கன்டா."

"எதுக்குப்பா? இந்தக் காலத்துல யாருப்பா கேமரா வாங்குறாங்க? போன்லயே எடுக்கலாமே."

போனைப் பற்றி ஆதிமூலத்துக்கு நல்ல அபிப்பிராயம் கிடையாது. போனில் எடுத்தால் மூக்கு மட்டும் முன்னால் நடந்து வருகிறது. சரி, ஸ்டுடியோவுக்குப் போகலாம் என்றால் அங்கே வேறு தொல்லை. 'சிரிங்க சார்' என்று எவனாவது சொன்னாலே அவருக்கு ஆயிரம் ரூபாய் நோட்டை நீட்டிச் சில்லறை கேட்ட மாதிரி முகம் ஆகிவிடும். அதோடு ஸ்டுடியோக்காரன் கேட்காமலேயே கோட்டும் டையும் மாட்டி, கன்னத்துக்கு ரோஸ் பவுடர் போட்டு அனுப்பிவிடுவான். அதெல்லாம் ஆகாது. சொந்த வீடு, சொந்த நாற்காலி, சொந்தக் கேமரா. பட்டனை ஜோதி அழுத்தட்டும். இதுதான் அவர் திட்டம். திட்டத்தில் ஒரு ஓட்டை இருந்தது, அது அவருக்குத் தெரியவில்லை.

மறுநாள் காலையில் பஸ் ஏறி டவுனுக்குப் போனார். தேரடி வீதிக்குப் பக்கத்துச் சந்தில் ஷோயப் என்கிற இளந்தாரி கடை வைத்திருந்தான். வாட்ச், கால்குலேட்டர், போன் கவர், மேல் தட்டில் தூசி தட்டிவைத்த சில கேமராக்கள். கேமரா கேட்டு ஒரு மனுஷன் வந்தது ஷோயப்புக்கே ஆச்சரியம். ஸ்டூலைத் துடைத்துப் போட்டான்.

"இன்னா எடுக்கப் போறீங்க சார்? கல்யாணமா, பறவையா, ரீல்ஸா?"

"ஆளு."

"எத்தினி பேரு?"

"ஒருத்தன்தான்."

"ஓடுற ஆளா? டான்ஸ், ஸ்போர்ட்ஸ்னா வேற மாடல் பாக்கணும்."

"இல்லப்பா. அசைய மாட்டான்."

ஷோயப் கொஞ்சம் யோசித்தான். "தூங்குற கொழந்தையா சார்?"

"அறுவது தாண்டின ஆளு. இப்போதைக்கு நல்லா முழிச்சிக்கினுதான் இருக்கான்."

எதற்கு என்று வாயைத் திறந்து சொல்லியிருந்தால் அரை மணியில் வேலை முடிந்திருக்கும். ஆனால் காலங்காத்தால போணி ஆகாத கடையில் உட்கார்ந்துகொண்டு, என் சாவுக்குப் போட்டோ வேணும் என்று எப்படிச் சொல்வது? ஆதிமூலம் சுற்றி வளைத்தார்.

"பெருசு பண்ணா ஒடையக் கூடாது தம்பி. கட்டம் கட்டமா வரக் கூடாது. பத்தடி பேனருக்குத் தாங்குமா, அத மட்டும் சொல்லு."

ஷோயப்பின் முகத்தில் பல்பு எரிந்தது. "அட, மொதல்லியே சொல்லக் கூடாதா சார்! எந்த ஏரியா?"

"வேங்கிக்கால்."

"கட்சியா, தனியாவா?"

கேள்வி ஆதிமூலத்துக்கு விளங்கவில்லை. இருந்தாலும் பதில் என்னவோ தெரிந்தது. "தனியாதாம்பா. இதுல கூட யாரு வருவா?"

"தில்லு சார் உங்களுக்கு!" என்று சொல்லி ஷோயப் டீ வரவழைத்தான். எலெக்‌ஷனில் சுயேச்சையாக நிற்கிறவருக்கு ஒரு டீ கூட வாங்கிக்கொடுக்காவிட்டால் எப்படி?

பிறகு ரெண்டு கேமராவை எடுத்து மேஜைமேல் வைத்தான். ஒன்று வெள்ளி நிறத்தில் சோப்பு டப்பா மாதிரி சின்னது. சட்டைப் பையிலேயே போட்டுக்கொள்ளலாம். அதை முடுக்கினால் மூக்கை நீட்டிக்கொண்டு வெளியே வந்தது. "ஜூமு பாருங்க சார், இங்கருந்தே மலை உச்சியில தீபம் ஏத்துற எடத்த இழுக்கலாம்" என்றான். "நான் கூடத்துல நாற்காலியில உக்காந்திருக்கப் போறன். மலைய எதுக்குப்பா இழுக்கற, அது பாட்டுக்கு இருக்கட்டும்" என்றார் ஆதிமூலம். இன்னொன்று கருப்பு. கனம். முன்னால் வட்டமாக ஒரு பெரிய கண்ணாடி. ஷோயப் மெகா பிக்சல் என்றான், சென்சார் என்றான், அப்பெர்ச்சர் என்றான். ஆதிமூலம் தலையாட்டிக்கொண்டே வந்தார். டிப்போ மேனேஜர் சர்க்குலர் படிக்கும்போது பழகின தலையாட்டல் அது, உள்ளே ஒன்றும் போகாது.

கடைசியில் ஷோயப் கருப்புக் கேமராவோடு கொடுக்கிற பையை எடுத்தான். தோளில் மாட்டுகிற பை. ஆதிமூலம் சும்மா ஒரு பார்வைக்கு மாட்டிப் பார்த்தார். அவ்வளவுதான். வலது கை தானாகப் போய்ப் பைக்குள் சில்லறை தேடியது. முதுகு நிமிர்ந்தது. 'உள்ள போ, உள்ள போ' என்று ஒரு சத்தம் கொடுக்கத் தொண்டை வரைக்கும் வந்துவிட்டது. ரிட்டயர் ஆனதிலிருந்து அந்தத் தோள் என்னவோ ஒரு பக்கமாகவே தொங்கிக்கொண்டிருந்தது, அது இப்போதுதான் அவருக்கே தெரிந்தது. மெகா பிக்சல் கெடக்குது குப்பையில். இதுதான் கேமரா.

"எடுத்து வையி தம்பி. நாளைக்கு வர்றன்."

ஊருக்கு வந்து இறங்கினால் டீக்கடைக்காரர் பெஞ்சைத் துடைத்து, "உக்காருங்க தலைவரே!" என்கிறார். ஷோயப்பின் மச்சான் வீடு அதே தெருவில் என்பது ஆதிமூலத்துக்கு எப்படித் தெரியும்? என்னமோ கிண்டல் பண்ணுகிறார்கள் என்று நினைத்துக்கொண்டு வீட்டுக்குப் போனார்.

ஜோதியம்மாள் காதுக்கும் எல்லாம் வந்திருந்தது. எலெக்‌ஷன் கதையை அவள் நம்பவில்லை. நாலு பேர் எதிரில் வோட்டுக் கேட்டுக் கையெடுத்துக் கும்பிடுகிற ஆளா இவர்? பாக்கிச் சில்லறையைக்கூடத் திட்டிவிட்டுக் கொடுத்தவர். அவளுக்கு ஆணியைப் பார்த்தபோதே புரிந்துவிட்டது. ஆனால் அதைச் சொல்லவில்லை.

"இவ்ளோ பெரிய சாமான் வாங்குறோம். ஆத்தாகிட்ட பூ வெச்சிக் கேட்டுட்டு வாங்கலாங்க" என்றாள்.

தெருக்கோடி மாரியம்மன் கோவிலில் பூ வைத்துக் கேட்காமல் அந்த வீட்டில் கிணற்று மோட்டார்கூட வாங்கியது கிடையாது. வெள்ளைப் பூ ஒரு பொட்டலம், சிவப்புப் பூ ஒரு பொட்டலம். ஆத்தா காலடியில் வைத்து, பூசாரி கண்ணை மூடி ஒன்றை எடுப்பார். வெள்ளை வந்தால் சரி. சிவப்பு வந்தால் வேண்டாம். ஆதிமூலத்துக்கும் மறுக்க வாயில்லை. பொட்டலத்தை ஜோதியம்மாளே மடித்து எடுத்துக்கொண்டு வந்தாள்.

பூசாரி இருசப்பன் கற்பூரம் காட்டினார். "எலெக்‌ஷனு விசயம் தானே?" என்று காதோடு கேட்டார். ஆதிமூலம் பதில் சொல்வதற்குள் கண்ணை மூடி, ஒரு பொட்டலத்தை எடுத்துப் பிரித்தார். உள்ளே செவ்வரளி.

"ஆத்தா வேணான்றா" என்றார் பூசாரி.

ஆதிமூலத்துக்கு முகம் தொங்கிவிட்டது. ஜோதியம்மாள் கன்னத்தில் போட்டுக்கொண்டு, "சரி வாங்க போலாம்" என்று மற்றப் பொட்டலத்தை எடுக்கக் குனிந்தாள். கொஞ்சம் அவசரமாகவே குனிந்தாள். வாழ்க்கை பூராவும் டிக்கெட்டை ரெண்டு பக்கமும் திருப்பிப் பார்த்துப் பழகின கை ஆதிமூலத்துடையது. அது முந்திக்கொண்டது. பிரித்தார்.

உள்ளே செவ்வரளி.

பூசாரி ஒரு பூவைப் பார்த்தார், இன்னொரு பூவைப் பார்த்தார். "இன்னாம்மா இது, ரெண்டும் செவப்பு?"

"வெள்ளப் பூ எங்கயும் கெடைக்கல பூசாரி" என்றாள் ஜோதியம்மாள். அவளுக்குப் பின்னாலேயே கோவில் சுவரை ஒட்டி நந்தியாவட்டைச் செடி இலை தெரியாமல் வெள்ளைவெளேரென்று பூத்துக்கிடந்தது.

"ஆத்தா முன்னாலியே ஃப்ராடா!" என்று ஆதிமூலம் கத்தினார். வழியெல்லாம் கத்தினார். வீட்டுக்கு வந்தும் கத்தினார். அந்தக் கோபத்திலேயே மறுநாள் போய்க் கருப்புக் கேமராவைத் தோளில் மாட்டிக்கொண்டு வந்துவிட்டார். நல்ல நேரம்கூடப் பார்க்கவில்லை. வீம்பு.

புதுச் சாமான் வீட்டுக்குள் வந்தால் பூஜை போட வேண்டும் அல்லவா? ஜோதியம்மாள் எலுமிச்சம்பழம் வைத்து, சாம்பிராணி காட்டி, சந்தனத்தைக் குழைத்துக் குங்குமத்தோடு நேராகக் கண்ணாடியின் நட்டநடுவில் ஒரு பொட்டு வைத்துவிட்டாள். "அடிப் பாவி, அது கண்ணுடி!" என்று ஆதிமூலம் அலறினார். "கண்ணுக்கு நடுவுலதானே வெப்பாங்க" என்றாள் அவள். கேமராவைத் தூக்கிக்கொண்டு மறுபடி கடைக்கு ஓடினார். அதைத் துடைத்து எடுப்பதற்குள் ஷோயப்புக்கே வியர்த்துவிட்டது.

அப்பால ஆரம்பித்தது அந்தக் கூத்து. தினம் சாயங்காலம் ஆதிமூலம் மழமழவென்று சவரம் பண்ணி, வெள்ளைச் சட்டை போட்டு, விபூதி பூசி, ஜன்னல் வெளிச்சத்தில் நாற்காலி போட்டு உட்காருவார். முகத்தில் ஒரு சாந்தம் வரவேண்டும் என்று கண்ணாடியில் பழகி வைத்திருந்தார். ரொம்பச் சிரிக்கவும் கூடாது, உம்மென்றும் இருக்கக் கூடாது. வந்தவர்கள் பார்த்து, நல்ல மனுஷன் போய்ட்டாரே என்று சொல்ல வேண்டும். ஜோதியம்மாள் கேமராவைத் தூக்கிப் பிடித்துப் பட்டனை அழுத்துவாள். டப்பென்று சத்தம் வரும். ஓடிப்போய்ப் பார்த்தால் சட்டை இருக்கும், கழுத்து இருக்கும், தலை இருக்காது.

"தல எங்கடி?"

"வரலீங்களா? மறுக்கா எடுக்கறன்."

மறுபடி எடுத்தால் தலை இருக்கும், ஆனால் பாதி முகத்தை அவள் கட்டைவிரல் மறைத்திருக்கும். அதற்கடுத்தது சீலிங் ஃபேன். ஒரு நாள் எல்லாம் சரியாக வந்திருந்தது, கண் மட்டும் மூடியிருந்தது. அதைப் பார்த்ததும் ஆதிமூலம் கேமராவை அவசரமாகக் கவிழ்த்து வைத்தார். அவள் 'ரெடி' என்று சொல்லுமுன் அழுத்துவாள், இல்லாவிட்டால் அவர் கொட்டாவி விடும்வரை காத்திருந்து அழுத்துவாள். "உனக்கு வாழைப்பூ ஆயத் தெரியுது, கோலத்துல ஒரு புள்ளி தப்பாம வெக்கத் தெரியுது, இந்த ஒரு பட்டன அழுத்தத் தெரியல!" என்று குதிப்பார். "எனக்கு இன்னாங்க தெரியும், மெஷினு சமாச்சாரம்" என்பாள். அவள் முகத்தைப் பார்த்தால் பாவமாக இருக்கும்.

ஐப்பசி மழை வந்து போய்விட்டது. தீபத்துக்கு ஊரில் கூட்டம் வந்து போய்விட்டது. ஆதிமூலத்தின் தலை மட்டும் ஒரு போட்டோவிலும் உருப்படியாக வரவில்லை. பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு, ஒருநாள் கேமராவைத் தூக்கிக்கொண்டு ஷோயப் கடைக்குப் போனார். இத்தனை எடுத்ததில் ஒன்றாவது தேறாதா, கம்ப்யூட்டரில் போட்டுப் பார் தம்பி என்றார்.

ஷோயப் கார்டைச் சொருகினான். திரையில் வரிசையாக வந்தது. தலையில்லாத ஆதிமூலம். ஃபேன். கட்டைவிரல். தலையில்லாத ஆதிமூலம். ஆதிமூலத்தின் வேட்டிக் கரை மட்டும். ஷோயப் சிரிப்பை அடக்க உதட்டைக் கடித்துக்கொண்டான். அடுத்தது வந்ததும் அவன் கை நின்றுவிட்டது.

மொட்டை மாடியிலிருந்து எடுத்த மலை. விடியற்காலம். உச்சியில் மேகம் துண்டு போட்ட மாதிரி உட்கார்ந்திருக்கிறது. ஒரு பிசிறு இல்லை. அடுத்தது மதில்மேல் பூனை, ஒவ்வொரு மீசை முடியும் தனித்தனியாக. அடுத்தது மழை சொட்டும் முருங்கைப் பூ. அடுத்தது கீரைக்காரி காசியம்மாள், கூடையை இறக்கிவைத்துவிட்டு வெற்றிலை வாயோடு சிரிக்கிறாள். பல்லிடுக்கில் பாக்குத் தெரிகிறது. அப்படி ஒரு படம்.

"யாரு சார் எடுத்தது? கையே ஆடல. கல்யாண போட்டோகிராபருக்கே இவ்ளோ சுத்தமா வராது."

"எங்க வூட்டுக்காரி."

ஷோயப் மறுபடி தலையில்லாத படத்துக்குப் போனான். மறுபடி பூனைக்கு வந்தான். "அப்போ உங்கள மட்டும் யாரு சார் எடுக்கறது?"

ஆதிமூலத்தின் கண்ணுக்கு முன்னால் ரெண்டு செவ்வரளிப் பொட்டலம் வந்து நின்றது. வித்-அவுட் டிக்கெட்டைப் பேருந்துக் கூட்டத்தில் ஒரே பார்வையில் கண்டுபிடிக்கிற மனுஷன், சொந்த வீட்டில் இவ்வளவு நாளாக ஏமாந்திருக்கிறார்.

வீட்டுக்கு வந்தபோது ஜோதியம்மாள் கூடத்தில் உட்கார்ந்து மொச்சை உரித்துக்கொண்டிருந்தாள். ஆதிமூலம் பையைக் கழற்றாமலே எதிரில் நின்றார்.

"பூனைக்குத் தல வருது. காசியம்மாளுக்குத் தல வருது. எனக்கு மட்டும் ஏன் வரல?"

ஜோதியம்மாள் ஒரு காயை உரித்து முடித்தாள். அவளுக்குக் கோபம் வந்தால் முதலில் 'ங்க' போய்விடும். அன்றைக்குப் போய்விட்டது.

"வராது. நான் எடுக்கற வரைக்கும் வராது."

"ஏன்டி?"

"நல்லா எடுத்துக் குடுத்தா அந்த ஆணியில மாட்டிட்டு நீ பாட்டுக்குக் கெளம்பிடுவ. உன்ன எனக்குத் தெரியாதா? டூட்டி முடிஞ்சா கலெக்‌ஷன் பைய ஒப்படைச்சிட்டுத் திரும்பிக்கூடப் பாக்காத ஆளு நீ. ஒரு வேல பாக்கி இருந்தாத்தான் எடத்துல நிப்ப. இந்த வேல பாக்கியாவே இருக்கட்டும்."

"பைத்தியக்காரி! போட்டோ எடுத்தா சாவாங்களா? முருகவேலு நல்ல போட்டோ இல்லாமத்தானே போயிட்டான்?"

"அவரு வூட்டுல தடுக்கத் தெரியல. எனக்குத் தெரியுது."

ஜோதியம்மாள் முறத்தைத் தள்ளிவைத்தாள். கண் கலங்கிவிட்டது, குரல் மட்டும் இறங்கவில்லை.

"பேனரு பாக்க வர்றவன் இன்னா சொல்வான், சோறு துன்ன வர்றவன் இன்னா சொல்வான்னு எல்லாம் யோசிச்ச. அவங்க துன்னுட்டுப் போயிடுவாங்க. அப்பால தெனம் அந்த ஆணியப் பாத்துக்கினு இங்க உக்காந்திருக்கப் போறது யாரு? நானு. அத யோசிச்சியா நீ?"

யோசிக்கவில்லை. சத்தியமாக யோசிக்கவில்லை. சாந்தமான முகத்தை யோசித்தார், சட்டையை யோசித்தார், பேனர் சைசை யோசித்தார். இந்தக் கூடத்தில் ஒரு நாற்காலி காலியாகக் கிடக்கும், எதிரில் இவள் ஒருத்தி மொச்சை உரித்துக்கொண்டிருப்பாள் என்று ஒரு நாளும் அவருக்குத் தோன்றவில்லை. பையைக் கழற்றி வைத்துவிட்டுத் தரையில் அவளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். ஒரு மொச்சையை எடுத்து உரித்தார். அதையும் கோணல்மாணலாக உரித்தார்.

"சரி வுடு. போட்டோவே வேணாம்" என்றார்.

ஜோதியம்மாள் முந்தானையில் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "வாங்குனத வாங்கியாச்சு. எழுந்து நாற்காலியில உக்காரு."

கேமராவை எடுத்து கிரைண்டர்மேல் வைத்தாள். ஒரு கண்ணை மூடிப் பார்த்தாள், ரெண்டு விரல்கடை நகர்த்தினாள், கீழே ஒரு துணியை மடித்துக் கொடுத்தாள். அவர் ஜென்மத்தில் தொடாத ஒரு பட்டனைத் திருகினாள். கேமராவின் நெற்றியில் சிவப்பாக ஒன்று விட்டுவிட்டு எரிந்தது.

"இன்னாடி அது, கண்ணடிக்குது?"

"கொஞ்ச நேரம் பொறுத்துத் தானா எடுத்துக்கும். ஆளு தேவையில்ல" என்று சொல்லிக்கொண்டே ஓடிவந்தாள்.

"இது உனக்கு எப்பத் தெரியும்?"

"வாங்குன வாரமே."

"அடிப் பாவி! அப்போ இத்தினி நாளா என்ன ஏன் தெனம் சவரம் பண்ண வெச்ச?" என்று அவர் எழுந்திருக்கப் போக, ஜோதியம்மாள் அவர் காதைப் பிடித்து ஒரு இழுப்பு இழுத்து நாற்காலியிலேயே உட்காரவைத்தாள். டப்.

அப்படியே வந்திருந்தது. ஆதிமூலம் வாயைப் பிளந்துகொண்டு, கண்ணை உருட்டிக்கொண்டு, சட்டை ஒரு பக்கம் ஏறி. சாந்தமாவது மண்ணாவது. பக்கத்தில் ஜோதியம்மாள், கன்னத்தில் ஈரம் காயாமல், வாய்கொள்ளாத சிரிப்போடு, அவர் காதைத் திருகிப் பிடித்துக்கொண்டு. ரெண்டு பேரும் ரொம்ப நேரம் அதைப் பார்த்தார்கள். முதலில் சிரித்தது அவர்தான்.

பிரிண்ட் போடக் கொண்டுபோனபோது ஷோயப் அதைப் பெரிதாக்கிப் பார்த்தான். "சார், உங்க மொகத்துல இன்னா களை! மேடத்த மட்டும் கட் பண்ணிடட்டா? பேனருக்கு எடுப்பா இருக்கும்."

"வெட்டுனா என் காதும் சேந்து போயிடும் தம்பி. முழுசாவே போடு. அந்த பேனரும் வேணாம், எலெக்‌ஷனும் வேணாம்."

படம் இப்போது அந்த ஆணியில்தான் தொங்குகிறது. மாலை போடலாம் என்றால் அவள் முழங்கை இடிக்கிற மாதிரி இருக்கிறது, யாருக்கும் போடவும் தோன்றாது. கேமரா ஜோதியம்மாளுடையது ஆகிவிட்டது. விடிந்தால் அதைத் தூக்கிக்கொண்டு மொட்டை மாடிக்குப் போய்விடுகிறாள், காப்பி லேட்டாகிறது. பை மட்டும் ஆதிமூலத்துக்கு. காய்கறி வாங்கப் போகும்போது தோளில் மாட்டிக்கொள்கிறார்.

போன வாரம் டிப்போவில் கூட வேலை பார்த்த பக்ருதீன் வந்திருந்தார். படத்தைப் பார்த்துவிட்டுச் சிரிப்பு தாங்கவில்லை. "இன்னாய்யா இது, அம்மா எதுக்குக் காதப் புடிச்சித் திருகுறாங்க?"

ஆதிமூலம் உள்ளே திரும்பிப் பார்த்தார். ஜோதியம்மாள் டீ ஆற்றுகிற சத்தம் கேட்டது.

"அத ஏன் கேக்கற? நான் பைய மாட்டிக்கினு எறங்கப் பாத்தன். ஸ்டாப்பிங் இன்னும் வரல, உக்காருன்னு புடிச்சி உக்கார வெச்சிட்டா" என்றார்.